எண்ணிக்கை வலையாகாது: தில்லைப் பொற்கூரையும் மூளையின் இணைப்புகளும்

சிதம்பரம் நடராசர் கோயிலில் சிற்சபையின் மேல் வேய்ந்துள்ள பொன்னோடுகள் 21,600 என்றும், அவற்றைப் பிணைக்கும் ஆணிகள் 72,000 என்றும், முன்னது மனிதன் ஒரு நாளில் விடும் மூச்சுகளையும் பின்னது அவன் உடலில் ஓடும் நாடிகளையும் குறிக்கின்றன என்றும் சைவ மரபில் சொல்லப்பட்டு வருகிறது. இது மரபுச் செய்தியாக நின்றவரை இதனோடு வழக்கிட எவருக்கும் காரணம் இருந்ததில்லை. ஆனால் அண்மைக் காலத்தில் இச்செய்தி வேறோர் உருவம் எடுத்துள்ளது. தலவரலாற்றுச் சிறுநூல்களிலும், ஆன்மிகச் சொற்பொழிவுகளிலும், கைப்பேசியில் கைமாறி வரும் செய்திகளிலும் நாடிகள் என்பவை நரம்புகளே என்று ஐயத்துக்கு இடமின்றி எழுதப்படுகிறது. அங்கிருந்து ஒரே தாவலில், நரம்பியலாளர்கள் இப்போதுதான் வரையத் தொடங்கியிருக்கும் மூளையின் இணைப்பு வரைபடத்தைத் தில்லைச் சிற்பிகள் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே கூரையில் அறைந்து வைத்துவிட்டனர் என்ற முடிவுக்கும் வந்துவிடுகிறார்கள். நிலக் காந்த நடுக்கோடு தில்லை வழியே செல்கிறது என்ற கூற்றும் பெரும்பாலும் உடன் வரும். அந்தக் கோடு நாட்டின் தென்கோடியை ஒட்டிச் செல்வதால்தான் 1963இல் முதல் ஆய்வு ஏவூர்தி, சிதம்பரத்துக்கு ஏறத்தாழ மூன்று பாகை தெற்கிலுள்ள தும்பாவிலிருந்து ஏவப்பட்டது என்பதை மட்டும் சொல்லி அதை விட்டுவிடலாம்.

இக்கருத்துக்குக் கற்றோர் தரும் வடிவம் சற்று நுட்பமானது. 72,000 என்பது துல்லியமான கணக்கன்று, குறியீடுதான் என்பதை அவர்கள் ஒப்புக்கொள்கிறார்கள். ஆயினும் உடலை ஒரு வலையாகக் கண்ட பார்வை நம் முன்னோருடையது என்றும், அதே பார்வையைத்தான் இன்று வலையமைப்பியல் என்னும் துறை மூளைக்குப் பொருத்துகிறது என்றும், ஆகவே தற்கால அறிவியல் தில்லைக்குச் சான்று பகர்கிறது என்றும் வாதிடுகிறார்கள். எளிய வடிவத்தைவிட இந்த வடிவத்தை மறுப்பதே முதன்மையான வேலை, ஏனெனில் இது மரபையும் அறிவியலையும் ஒருசேரப் பிழையாக வாசிக்கிறது.

முதலில் எண்களின் பிறப்பிடத்தைப் பார்க்க வேண்டும். இந்திய வானியல் ஒரு நாளை 60 நாழிகையாகவும், நாழிகையை 60 விநாழிகையாகவும், விநாழிகையை 6 பிராணனாகவும் பகுத்தது. மூன்றையும் பெருக்கினால் 21,600 பிராணன். வானவட்டத்தை 360 பாகையாகவும் பாகையை 60 கலையாகவும் பகுத்தாலும் கிடைப்பது அதே 21,600. ஒரு பிராணப் பொழுதில் ஒரு கலை அளவு சுழற்சி நிகழ்கிறது என்ற பொருத்தத்தை ஆரியபடரின் நூல் வெளிப்படையாகவே கூறுகிறது. இக்கணக்கில் ஒரு மூச்சுக்கு நான்கு விநாடி, நிமிடத்துக்குப் பதினைந்து மூச்சு. ஓய்விலிருக்கும் வயது வந்தவர் நிமிடத்துக்கு 12 முதல் 20 முறை வரை மூச்சு விடுகிறார் என்பதால் ஒரு நாளின் எண்ணிக்கை 17,280 முதல் 28,800 வரை ஆளுக்கு ஆள் மாறுகிறது. 21,600 அந்த இடைவெளிக்குள் வருவது உண்மைதான் என்றாலும், அது யாருடைய மூச்சையும் எண்ணிக் கண்ட எண் அன்று, விண்ணின் சுழற்சியையும் உடலின் மூச்சையும் ஒரே அளவுகோலில் நிறுத்துவதற்காக வகுத்துக்கொண்ட எண். அண்டமும் பிண்டமும் ஒரே தாளத்தில் இயங்குகின்றன என்று சொல்லும் அந்த எண்ணைவிடக் கூத்தப்பெருமானின் சபைக்குப் பொருத்தமான எண் வேறில்லை. அதை உடலியல் அளவீடாக மாற்றும்போது அந்த ஆழம் போய், சராசரிக்கு அருகில் விழுந்த ஒரு மதிப்பீடு மட்டுமே எஞ்சுகிறது.

72,000 என்ற எண்ணின் கதை இன்னும் தெளிவானது. பிருகதாரணிய உபநிடதம் இதயத்திலிருந்து புறப்படும் 72,000 நாடிகளைப் பேசுகிறது. கடோபநிடதம் இதயத்துக்கு 101 நாடிகள் என்கிறது. பிரச்ன உபநிடதம் இரண்டையும் இணைத்து, 101 நாடிகள் ஒவ்வொன்றுக்கும் நூறு கிளை, கிளை ஒவ்வொன்றுக்கும் 72,000 உட்கிளை என விரிக்கிறது. எல்லாவற்றையும் கூட்டினால் 72,72,10,201 வருகிறது. சிவ சங்கிதை மூன்றரை இலட்சம் என்கிறது. அடயோக நூல்கள் பல 72,000ஐ ஏற்றாலும் அவற்றின் வேரை இதயத்திலிருந்து எடுத்து, கொப்பூழுக்குக் கீழே முட்டை வடிவில் உள்ளதாகச் சொல்லப்படும் கந்தத்தில் வைக்கின்றன. இவை ஒன்றையொன்று மறுக்கும் அளவீடுகள் அல்ல, ஏனெனில் இவை அளவீடுகளே அல்ல. தியானத்தின் தேவைக்கேற்ப உடலை உள்ளுக்குள் அமைத்துக்கொள்ளும் வெவ்வேறு வழிகள். ஆனால் இவற்றுள் ஒன்றில்கூட நாடிகளின் பிறப்பிடம் மூளை அன்று என்பதைக் கவனிக்க வேண்டும்.

தில்லை மரபும் இதையே சொல்கிறது. ஆறு ஆதாரங்களைத் தலங்களோடு பொருத்தும் சைவ வழக்கில் திருவாரூர் மூலாதாரம், திருவானைக்கா சுவாதிட்டானம், திருவண்ணாமலை மணிபூரகம், தில்லை அநாகதம். அதாவது இதயத்தின் இடம். நெற்றிக்குரிய ஆக்ஞை காசிக்கு உரியது. பொன்னம்பலம் சற்றே இடப்பக்கம் ஒதுங்கி இருப்பது இதயத்தைக் குறிப்பதற்காக என்று கோயிலைச் சுற்றிக் காட்டுவோர் இன்றும் விளக்குகிறார்கள். திருமூலர் மனித உடலையே சிதம்பரமாகக் கண்டபோது அவர் தேடியது அந்த உடலுக்குள் நிகழும் கூத்தை. இவ்வளவு தெளிவாக இதயத்தில் நிறுத்தப்பட்ட தலத்தை, மூளை அறிவியலுக்கு இன்று மதிப்புக் கூடியிருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காகத் தலைக்கு இடம் மாற்றுவது மரபுக்குச் செய்யும் சிறப்பு ஆகாது. மரபைக் காப்பதாகச் சொல்லிக்கொண்டே அதன் பொருளை அழிக்கும் செயல் அது.

இனி உடற்கூறு. 72,000 நாடிகளும் நரம்புகளே என்றால் எந்த நிலையில் எண்ணும்போது அந்த எண் கிடைக்கிறது என்ற வினாவுக்கு விடை வேண்டும். கண்ணுக்குத் தெரியும் நரம்புத் தண்டுகளாக எண்ணினால், சிதம்பரத்தை அடுத்த அண்ணாமலைநகர் மருத்துவக் கல்லூரியில் முதலாண்டு மாணவர் படிப்பதுபோல், மூளையிலிருந்து கிளம்புபவை 12 இணை, தண்டுவடத்திலிருந்து கிளம்புபவை 31 இணை. மொத்தம் 43 இணை. நரம்பிழைகளாக எண்ணினால் ஒரு கண்ணின் பார்வை நரம்பில் மட்டுமே ஏறத்தாழ பத்து இலட்சம் இழைகள் செல்கின்றன. நரம்பணுக்களாக எண்ணினால் மனித மூளைக்கு முன்னர் பழ ஈயின் மூளையே அந்த எண்ணைக் கடந்துவிடுகிறது. 2024இல் முழுமையாக வரைந்து வெளியிடப்பட்ட அதன் இணைப்பு வரைபடத்தில் 1,39,255 நரம்பணுக்கள் உள்ளன. எந்த அடுக்கிலும் 72,000 இல்லை.

எனினும் எண் பொருந்தவில்லை என்பது இந்த மறுப்பின் சிறு பகுதியே. ஒரு பேச்சுக்கு, மூளையின் இணைப்புகள் சரியாக 72,000 என்றே கொள்வோம். அப்போதும் மூளையைப் பற்றி எதுவும் அறிந்ததாக ஆகாது. மனித மூளையில் 10,000 கோடி நரம்பணுக்கள் உள்ளன என்று பாடநூல்கள் பல பத்தாண்டுகள் எழுதி வந்தன. 2009இல் பிரேசில் நாட்டின் சுசானா எர்குலானோ-ஊசலும் உடன் பணியாற்றியோரும் மூளைத் திசுவைக் கரைத்து அணுக்கருக்களை எண்ணும் முறையால் 8,600 கோடி என்று கண்டனர். ஏறத்தாழ 1,400 கோடி நரம்பணுக்கள் கணக்கிலிருந்து விழுந்தன. ஆனாலும் அதனால் நரம்பியலின் எந்தக் கோட்பாடும் சரியவில்லை, ஏனென்றால் எந்தக் கோட்பாடும் அந்த மொத்த எண்ணின் மேல் நின்றிருக்கவில்லை. அதே ஆய்வு இன்னொன்றையும் காட்டியது: 8,600 கோடியில் சுமார் 6,900 கோடி சிறுமூளையில் இருக்கின்றன, சிந்தனைக்கும் மொழிக்கும் இன்றியமையாத பெருமூளைப் புறணியில் இருப்பவை 1,600 கோடி மட்டுமே. சிறுமூளையே இல்லாமல் பிறந்த ஒரு பெண் தள்ளாட்டத்தோடும் குழறலோடும் என்றாலும் நடந்து, பேசி, குடும்பம் நடத்தி, இருபத்து நான்கு வயதில்தான் அந்தக் குறை கண்டறியப்பட்ட செய்தி 2014இல் சீனாவிலிருந்து மருத்துவ இதழில் வெளிவந்தது. நரம்பணுக்களில் ஐந்தில் நான்கு பங்கைக் கொண்ட உறுப்பு இல்லாமலேயே உணர்வும் எண்ணமும் நிலைத்திருந்தன என்றால், எண்ணிக்கைக்கும் மனத்துக்கும் இடையே நேர்வழி இல்லை என்பது உறுதியாகிறது. சிறுமூளையின் சுற்றுகள் பெரும்பாலும் ஒன்றோடொன்று பேசாமல் பக்கம் பக்கமாக இயங்குகின்றன, புறணியின் நரம்பணுக்களோ தொலைவிலும் அருகிலும் மாறி மாறிப் பேசிக்கொள்கின்றன. வேறுபாடு பின்னலில் இருக்கிறது.

அந்தப் பின்னலை ஆராய்வதே வலையமைப்பியல். அதன் சொற்களைக் கடலூர் மாவட்டத்தின் இருப்புப்பாதைகளைக் கொண்டே விளக்கலாம். சந்திப்புகளைக் கணுக்கள் என்றும் அவற்றுக்கு இடையிலுள்ள பாதைகளை இணைப்புகள் என்றும் கொள்க. இடையிலுள்ள சிறு நிலையங்களை விட்டுவிடுவோம். சிதம்பரத்துக்கு வடக்கே கடலூர் துறைமுகச் சந்திப்பு, தெற்கே மயிலாடுதுறை என இரண்டே இணைப்புகள். கடலூர் துறைமுகச் சந்திப்புக்கு விழுப்புரம், சிதம்பரம், நெய்வேலி வழியாக விருத்தாசலம் என மூன்று. விருத்தாசலத்துக்கு நான்கு; செங்கற்பட்டு, காட்பாடி, புதுச்சேரி, கடலூர், விருத்தாசலம் ஆகிய ஐந்து திசைகளுக்கும் பிரியும் விழுப்புரத்துக்கு ஐந்து. இந்த எண்ணிக்கை கணுவின் இணைப்பெண் எனப்படும். அது மிகுந்தவை மையக்கணுக்கள். அடுத்து, ஒரு கணுவின் அண்டைக் கணுக்கள் தமக்குள் எவ்வளவு இணைந்துள்ளன என்பது கொத்துமை. கடலூரின் அண்டைகள் மூன்றுக்கும் இடையே மூன்று இணைப்புகள் இருக்க வாய்ப்புண்டு. இருப்பதோ விழுப்புரம்–விருத்தாசலம் என்ற ஒன்று மட்டுமே. ஆகவே கடலூரின் கொத்துமை மூன்றில் ஒன்று. ஒரு கணுவிலிருந்து இன்னொன்றை அடையக் கடக்க வேண்டிய மிகக் குறைந்த இணைப்புகளின் எண்ணிக்கை வழித்தொலைவு. விழுப்புரம், கடலூர், விருத்தாசலம் மூன்றும் ஒரு முக்கோணமாக அமைவதையும் கருத வேண்டும்: வெள்ளம் விழுப்புரம்–கடலூர் பாதையை அரித்துவிட்டாலும் விருத்தாசலம் சுற்றிச் சிதம்பரத்தை அடையலாம். கடலூருக்குத் தெற்கே பாதை அற்றுப்போனால்கூடத் திருச்சி, தஞ்சாவூர், மயிலாடுதுறை வழியாக நெடுஞ்சுற்று ஒன்று உண்டு. மொத்தம் எத்தனை கிலோமீட்டர் தண்டவாளம், எத்தனை நிலையங்கள் என்ற கணக்கு இவற்றுள் ஒன்றையும் சொல்லாது.

இந்த வகைச் சிந்தனைக்கு வித்திட்டவர் கணிதவியலாளர் ஆய்லர். கோனிக்சுபர்க் நகரின் ஏழு பாலங்களையும் ஒருமுறை மட்டும் கடந்து உலாவர முடியாது என்று 1736இல் அவர் மெய்ப்பித்தபோது பாலங்களின் நீள அகலம் எதுவும் அவருக்குத் தேவைப்படவில்லை, எது எதோடு இணைகிறது என்பதே போதுமானதாக இருந்தது. மூளைக்கு அந்தச் சிந்தனை வந்து சேர 250 ஆண்டுகள் ஆயின. 1986இல் கேம்பிரிட்சில் சிட்னி பிரென்னரின் குழுவினர் ஒரு மில்லிமீட்டர் நீளமுள்ள புழு ஒன்றின் 302 நரம்பணுக்களையும் அவற்றின் இணைப்புகளையும் எலக்ட்ரான் நுண்ணோக்கியின் படங்களிலிருந்து கையால் வரைந்து முடித்தனர். 1998இல் கணிதவியலாளர்கள் வாட்சும் ஸ்ட்ரோகாட்சும் அந்தப் புழுவின் வலையைக் கணித்துப் பார்த்தபோது அதன் கொத்துமை 0.28 என்றும், அதே அளவுள்ள தற்செயல் வலைக்கு அது 0.05 மட்டுமே என்றும் தெரிந்தது. ஆனால் சராசரி வழித்தொலைவோ 2.65, தற்செயல் வலையின் 2.25ஐவிடச் சிறிதளவே கூடுதல். அருகிலுள்ளவை நெருங்கிக் கொத்தாக இணைந்திருக்க, சில நெடுந்தொடர்புகளால் எந்த மூலையும் எந்த மூலைக்கும் கிட்டத்தில் இருக்கும் இந்த அமைப்பைச் சிற்றுலக வலை என்பர். பின்னர் பூனை, குரங்கு, மனிதர் என ஆராயப்பட்ட மூளைகளிலும் இந்தப் பண்பு காணப்பட்டது. இது எண்ணிப் பெற்ற அறிவு அன்று. ஒப்பிட்டுப் பெற்ற அறிவு.

இப்போது கற்றோர் வடிவத்துக்கு வரலாம். முன்னோர் உடலை வலையாகக் கண்டனர் என்ற கூற்றை நூல்களின் சொல்லைக் கொண்டே சோதிக்க முடியும். பிரச்ன உபநிடதத்தின் விவரிப்பை எடுத்துக்கொள்வோம்: ஓர் இதயம், அதிலிருந்து 101, ஒவ்வொன்றிலிருந்தும் நூறு, ஒவ்வொன்றிலிருந்தும் 72,000. கிளை பிரிந்துகொண்டே போகும் இந்த அமைப்பில் எந்தக் கிளையும் இன்னொரு கிளையைத் தொடுவதாகவோ திரும்பி வந்து தாய்க்கிளையோடு சேர்வதாகவோ சொல்லப்படவில்லை. கணிதத்தில் இதற்கு மரம் என்றே பெயர். மரத்தில் எந்த இரண்டு கணுக்களுக்கு இடையிலும் ஒரே ஒரு வழிதான் உண்டு. அதில் சுற்று கிடையாது. சுற்று இல்லாததால் முக்கோணம் கிடையாது. முக்கோணம் இல்லாததால் கொத்துமை சுழி. ஏதேனும் ஓர் இணைப்பை வெட்டினால் அதற்கு அப்பால் உள்ளவை எல்லாம் துண்டாகிப் போகும், மாற்றுவழி இராது. புழுவின் வலையில் 0.28 ஆக இருந்த அளவு இங்கே எத்தனை கோடி நாடிகளைச் சேர்த்தாலும் சுழியாகவே நிற்கும். அதாவது, வலையமைப்பியல் எந்தப் பண்பைக் கண்டு மூளையை மூளையாக அடையாளம் காட்டுகிறதோ அந்தப் பண்பே இந்த விவரிப்பில் இல்லை. தற்கால அறிவியல் நாடிக் கோட்பாட்டுக்குச் சான்று பகர்கிறது என்பதற்கு இதைவிட நேரான மறுப்பு வேண்டியதில்லை.

இடகலையும் பிங்கலையும் சுழுமுனையைச் சுற்றிப் பின்னி ஆதாரங்களில் சந்திப்பதாக யோக நூல்கள் சொல்கின்றனவே, அங்கே சுற்று இருக்கிறதே என்ற எதிர்வாதம் எழலாம். அது நியாயமான எதிர்வாதம். ஆனால் அந்தப் பின்னல் மூன்று நாடிகளுக்கு மட்டுமே சொல்லப்பட்டது. சித்த மரபு முதன்மை நாடிகள் பத்து என்கிறது, சிவ சங்கிதை பதினான்கு என்கிறது. அந்தப் பதினான்கையும் முழுதாக ஏற்றுக்கொண்டாலும் 72,000இல் மீதமுள்ள 71,986 நாடிகள் எங்கே தொடங்கி எங்கே முடிந்து எவற்றோடு சேர்கின்றன என்பது பற்றிச் சொல்லப்படுவது ஏதும் இல்லை. இணைப்புப் பட்டியல் இல்லாத இடத்தில் வலை இல்லை. மேலும், அந்த நூல்களுக்கு அது குறையும் அன்று; மூச்சை அடக்கிச் சுழுமுனை வழியே ஏற்றும் பயிற்சிக்கு மூன்று நாடிகளே போதும் என்பதால் அவை மூன்றைப் பற்றி விரிவாகப் பேசின.

மூளையில் சுற்றுகள் எவ்வளவு முக்கியம் என்பதற்குப் பார்வையே நல்ல சான்று. விழித்திரையிலிருந்து வரும் செய்தி தலாமஸ் என்னும் நடுவுறுப்பு வழியாகப் புறணிக்குச் செல்கிறது என்று பள்ளிப் பாடம் கற்பிக்கிறது. அது மரம் போன்ற ஒருவழிப் படம். ஆனால் தலாமஸின் பார்வைக் கணுவில் வந்து முடியும் சினாப்ஸ்களில், அதாவது நரம்பணுக்கள் ஒன்றோடொன்று செய்தி பரிமாறும் சந்திகளில், விழித்திரையிலிருந்து வருபவை பத்தில் ஒரு பங்கு அல்லது அதற்கும் குறைவு. மற்றவை புறணியிலிருந்து திரும்பி வருபவை, மூளைத்தண்டிலிருந்து வருபவை, அக்கம்பக்க நரம்பணுக்களிலிருந்து வருபவை. கண் என்ன பார்க்கிறது என்பதை மூளை முன்பே என்ன எதிர்பார்க்கிறது என்பதும் சேர்ந்தே தீர்மானிக்கிறது. இந்தத் திரும்புவழிகளை எடுத்துவிட்டால் எஞ்சுவது ஒளியைக் கடத்தும் குழாய்தான். பக்கவாதத்துக்குப் பிறகு இழந்த பேச்சு ஓரளவு மீள்வதும் இத்தகைய மாற்றுவழிகளால்தான். அடிபட்ட இடம் சிறிதாக இருந்தும் தொலைவிலுள்ள பகுதிகள் செயல் குன்றுவதை 1914இலேயே நரம்பியலாளர் மொனாகோவ் விளக்கியதும், இணைப்பு அறுவதாலேயே எழும் நோய்க்குறிகளை 1965இல் நரம்பியலாளர் கெஷ்விண்ட் தொகுத்ததும் இதே உண்மையின் மருத்துவ முகங்கள்.

வலையமைப்பியல் பிழையே செய்யாத துறை என்று இதற்குப் பொருள் கொள்ளக்கூடாது. மனித மூளையில் கணு என்பது எது என்பதிலேயே உடன்பாடு இல்லை. நரம்பியலாளர் புரோட்மன் 1909இல் புறணியின் பகுதிகளுக்கு 52 வரை எண்ணிட்டார். 2016இல் மனித இணைப்பு வரைபடத் திட்டத்தார் அரைக்கோளத்துக்கு 180 என 360 பகுதிகளாகப் பிரித்தனர். நாளை வேறு எண் வரும். இணைப்பு என்பதிலும் இருவகை உண்டு. எம்.ஆர்.ஐ. கருவியால் நீர் மூலக்கூறுகளின் நகர்வை அளந்து நரம்பிழைக் கட்டுகளின் போக்கை ஊகிப்பது கட்டமைப்பு இணைப்பு. இரண்டு பகுதிகளின் குருதியோட்ட ஏற்றத்தாழ்வுகள் ஒத்துப்போகின்றனவா என்று பார்ப்பது செயல்பாட்டு இணைப்பு. பின்னதைத் தொடங்கி வைத்தவர் இந்திய வம்சாவளியினரான பரத் பிசுவால். சும்மா படுத்திருக்கும் மனிதரின் மூளையிலும் கையை இயக்கும் இடவலப் பகுதிகள் ஒத்த அலைவோடு இயங்குகின்றன என்று 1995இல் அவர் காட்டியபோது அது இரைச்சல் மட்டுமே என்று ஐயுற்றவர்கள் பலர். பின்னாளில் அந்த ஐயத்தில் ஒரு பகுதி மெய்யென்றும் தெரிந்தது: கருவிக்குள் தலை சிறிது அசைந்தாலும் பொய்யான இணைப்புகள் தோன்றுகின்றன என்று 2012இல் மூன்று குழுக்கள் தனித்தனியே காட்டின, அதற்கு முன் வெளிவந்த முடிவுகள் பலவற்றை மறுபடி பார்க்க வேண்டியதாயிற்று. வலைகள் எல்லாம் ஒரே கணித விதிக்கு அடங்கும் என்று 1999 முதல் பரவிய பெருநம்பிக்கையை, ஏறத்தாழ ஆயிரம் வலைகளைச் சோதித்த 2019ஆம் ஆண்டின் ஆய்வு பெரிதும் அசைத்தது. புழுவின் வரைபடம் கிடைத்து நாற்பது ஆண்டுகள் ஆகியும் அதன் நடத்தை முழுவதையும் அந்த வரைபடத்திலிருந்து சொல்ல முடியவில்லை. ஏனெனில் இணைப்பின் வலிமை, நரம்பணுக்களுக்கிடையே பரவும் வேதிப்பொருள்கள், காலப்போக்கு ஆகியவை கோடுகளில் அடங்குவதில்லை.

இந்தக் குறைகளைச் சுட்டி, அறிவியலும் எண்களை மாற்றிக்கொண்டேதான் இருக்கிறது, நம்பிக்கைக்கும் அதற்கும் என்ன வேறுபாடு என்று கேட்பவர்கள் உண்டு. எது கிடைத்தால் தன் கூற்று பொய்யாகும் என்பதை முன்கூட்டிச் சொல்வதே வேறுபாடு. கொத்துமை 0.05ஆக வந்திருந்தால் புழுவின் வலை சிற்றுலகம் என்ற கூற்று அன்றே விழுந்திருக்கும். எந்த அளவீடு வந்தால் 72,000 என்ற கூற்று விழும் என்று அதைப் பரப்புவோர் எவரும் சொல்வதில்லை. எண் பொருந்தினால் சான்று, பொருந்தாவிட்டால் குறியீடு என்று இரு கரையிலும் நிற்கும் கூற்றுக்கு எந்த அறிவியலும் துணை நிற்க இயலாது.

இது நூலறிவோடு முடிந்துவிடும் வழக்கும் அன்று. மூளைக்குச் செல்லும் குருதிக்குழாய் அடைபட்டால் குருதிக் கட்டியைக் கரைக்கும் ஊசிமருந்தைப் பொதுவாக நான்கரை மணி நேரத்துக்குள் செலுத்த வேண்டும். வாய் கோணி, ஒரு கை விழுந்து, பேச்சுக் குழறும் ஒருவரைக் காட்டுமன்னார்கோயிலிலிருந்தோ பரங்கிப்பேட்டையிலிருந்தோ அண்ணாமலைநகருக்கோ கடலூருக்கோ கொண்டு சேர்க்க வேண்டிய அந்தப் பொழுதில், நாடியைச் சீராக்கினால் நரம்பு சரியாகும் என்று நம்பி வேறெங்கோ அழைத்துச் செல்லும் குடும்பம் இழப்பது மீட்க முடியாத நேரம். நாடியும் நரம்பும் ஒன்றே என்று அச்சிட்டுப் பரப்புவோர் இந்த விளைவுக்குத் தமக்குப் பொறுப்பில்லை என்று சொல்ல முடியாது.

தமிழர் பெருமைக்காகவேனும் அந்தக் கதை இருந்துவிட்டுப் போகட்டுமே என்பது கடைசியாக எழும் வாதம். பெருமைக்கு உரியவை இல்லாத இடத்தில்தான் கதை தேவைப்படும். இங்கே அவை இருக்கின்றன. சென்னை தரமணியிலுள்ள கணித அறிவியல் நிறுவனத்தில் சிதாப்ர சின்கா, ராஜ்குமார் பான் ஆகியோர் நரம்பியலாளர் நிவேதிதா சாட்டர்ஜியோடு சேர்ந்து 2010இல் அதே புழுவின் வலையைக் குழுக்களாகப் பிரித்து ஆராய்ந்து, கம்பி நீளத்தைச் சிக்கனப்படுத்துவது மட்டுமே அந்த அமைப்பை விளக்கிவிடாது, செய்தியைக் கையாளும் தேவைகளும் அதில் படிந்திருக்கின்றன என்று காட்டினர். அதே நிறுவனத்தில் அரிஜித் சாமலின் குழு, வளைந்த பரப்புகளுக்கென உருவான ரிச்சி வளைவு என்னும் கணிதக் கருத்தை வலைகளுக்குப் பொருத்தி, ஆட்டிசம் உள்ளோரின் செயல்பாட்டு இணைப்புகளில் எங்கெங்கே வேறுபாடு தென்படுகிறது என்று 2022இல் வெளியிட்டது. சென்னை ஐ.ஐ.டி.யின் சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையம் கருவிலுள்ள சிசுக்களின் மூளையை உயிரணு அளவில் படம்பிடித்து, 5,132 வெட்டுப் படலங்களைக் கொண்ட தாரணி என்னும் வரைபடத்தை 2024 டிசம்பரில் உலகோர் எவரும் பார்க்கும்படி திறந்து வைத்தது. ஆட்டிசம் ஆய்வுக்குப் பயன்பட்ட மூளைப் படத் தரவுகளும், பழ ஈயின் முழு வரைபடமும், புழுவின் இணைப்புப் பட்டியலும் அவ்வாறே ஆய்வாளர்களுக்குக் கிடைக்கின்றன. அண்ணாமலைநகரில் பல்கலைக்கழகத்தின் கணிதத் துறையும் மருத்துவக் கல்லூரியும் நடந்து போகும் தொலைவில் இருக்கின்றன. 302 கணுக்கள் கொண்ட புழுவின் வலையை ஒரு சாதாரண மடிக்கணினி நொடிகளில் கணக்கிடும். கொத்துமையையும் வழித்தொலைவையும் தாமே கணித்து, 0.28 என்ற எண்ணைத் தாமே சரிபார்க்க, இளங்கலைக் கணிதம் படிக்கும் மாணவர் ஒருவருக்கு ஒரு பிற்பகல் போதும்.